நூலகர் ஆவதற்குப் படிப்பு வேண்டும் என்ற கணக்கு வாத்தியார்

அரையாண்டுக்கு ஒருமுறை நாம் கட்டும் சொத்து வரியின் ரசீதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு தொகை சேர்ந்திருக்கும். தண்ணீர் வரிக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் கணக்குக் கேட்கும் நம்மில் பலர், இந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக ஒரு மாகாணம் பொது நூலகங்களுக்கென்று போட்ட சட்டம், 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டம். அதன் வரைவுக்குப் பின்னால் இருந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். இந்த இதழில் அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறோம். ஆனால் சட்டத்தைவிட அவர் இன்னொன்றுக்காகத்தான் அதிகம் பாடுபட்டார் என்பது எங்கள் எண்ணம். நூலகர் என்பவர் சாவி வைத்திருக்கும் ஆள் இல்லை, பட்டப்படிப்புக்கு மேல் தனியாகப் பயிற்சி பெற்றுச் செய்ய வேண்டிய தொழில் அது என்பதை அவர் இந்த நாட்டை ஒப்புக்கொள்ள வைத்தார். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இன்று நூலகர் என்று ஒரு பதவி இருக்கிறதென்றால் அதில் அவருக்குப் பங்கு உண்டு.

பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் ஊரும் அப்பாவும்தான். எஸ் என்பது சீர்காழி. வெள்ளைக்காரர் அதை ஷியாளி என்று எழுதினார்கள். ஆர் என்பது தந்தை இராமாமிருத ஐயர். பிறந்தது 1892 ஆகஸ்டு 9. ஆனால் நாடு முழுவதும் நூலகர் தினம் கொண்டாடுவது ஆகஸ்டு 12இல். அவருடைய பிறந்த நாளாகப் பதிவேடுகளில் நின்றுவிட்ட தேதி அது. உலகத்துப் புத்தகங்களையெல்லாம் சரியான இடத்தில் வைக்க வழி சொன்னவரின் பிறந்த நாளே மூன்று நாள் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது!

அப்பா இறந்தபோது ரங்கநாதனுக்கு ஆறு வயது. உள்ளூரில் பள்ளிப் படிப்பு. பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் எடுத்து பி.ஏ., எம்.ஏ. முடித்தார். அங்கே எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியரிடம் அவருக்கு ஏற்பட்ட பற்று கடைசிவரை போகவில்லை. இதற்குப் பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்து எல்.டி. பட்டமும் வாங்கினார். அதாவது, பாடம் தெரிந்திருப்பது வேறு, பாடம் நடத்தத் தெரிந்திருப்பது வேறு என்பதை இருபத்தைந்து வயதிலேயே அனுபவித்து அறிந்தவர். பேச்சில் திக்கல் உண்டு. அதையும் மீறி மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று ஏழு ஆண்டுகளுக்குப் பக்கமாகக் கணக்கு வாத்தியாராக இருந்தார். நல்ல வாத்தியார் என்றும் பெயர் எடுத்தார்.

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முறையாக ஒரு நூலகரை நியமிக்க விளம்பரம் செய்தது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவருக்குக்கூட நூலகப் பயிற்சி கிடையாது. ரங்கநாதனுக்கும் கிடையாது. கணிதத்தில் அவர் செய்திருந்த ஆராய்ச்சி மட்டும் கைகொடுத்தது. நூலகத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரைதான். அவரே வேண்டாவெறுப்பாகத்தான் போனார், நண்பர்கள் விடவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். சில வாரங்கள்கூட ஓடவில்லை, தாங்க முடியாமல் போயிற்று. வகுப்பறையின் சத்தத்துக்குப் பழகியவருக்கு அங்கே பேச ஆளில்லை. புத்தகம் கேட்டு வருபவர்களே குறைவு. பழைய வேலையே போதும், விட்டுவிடுங்கள் என்று மேலிடத்தில் போய் நின்றார். அவர்கள் ஒரு வழி சொன்னார்கள். இங்கிலாந்து போய் இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வாருங்கள், வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் வகுப்பறைக்கே திரும்பலாம். அந்த நிபந்தனையோடுதான் கப்பல் ஏறினார்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகர்களுக்கென்றே ஒரு பள்ளி இருந்தது. பட்டப்படிப்பு அளவில் இந்தத் தொழிலைக் கற்றுத்தர அப்போது பிரிட்டனில் இருந்தது அது ஒன்றுதான். ரங்கநாதன் அங்கே பெரிய மதிப்பெண் ஒன்றும் வாங்கவில்லை, சுமார் மாணவர்தான். ஆனால் புத்தகங்களை வகைப்படுத்தும் பாடம் வந்ததும் அவருக்குள் இருந்த கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். அந்தப் பாடத்தை எடுத்தவர் பெர்விக் சேயர்ஸ்; குராய்டன் நகரப் பொது நூலகங்களின் தலைமை நூலகர். சிறுவர் நூலகங்களை எப்படி நடத்துவது என்று பின்னால் ஒரு கையேடே எழுதியவர். மாணவரின் போக்கைப் புரிந்துகொண்ட அவர், வகுப்பில் உட்கார வைப்பதோடு நிறுத்தாமல் நூலகம் நூலகமாகப் போய்ப் பார்க்கச் சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை ரங்கநாதன் பார்த்தார். தொழிலாளிகளும் பெண்களும் குழந்தைகளும் தயக்கமில்லாமல் உள்ளே வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். சென்னையில் பூட்டிய அலமாரிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தவரின் மனசு அங்கேதான் மாறியது. நடத்தத் தெரிந்தவர்கள் கையில் இருந்தால் நூலகமும் ஒரு வகுப்பறைதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் லண்டனில் நடந்தது. செல்ஃப்ரிட்ஜ் என்ற பெரிய கடையில் மெக்கானோ பொம்மை செட் ஒன்றைப் பார்த்தார். துளை போட்ட சின்னச் சின்ன உலோகப் பட்டைகள், திருகுகள். அதே துண்டுகளை வைத்து ஒரு நாள் பாலம் செய்யலாம், மறுநாள் கிரேன் செய்யலாம். (நம் குழந்தைகளின் லெகோவை நினைத்துக்கொள்ளுங்கள்.) அதுவரை இருந்த வகைப்பாட்டு முறைகள் எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே ஒரு எண் எழுதி வைத்திருந்தன. புதிதாக ஒரு விஷயம் முளைத்தால் இடமில்லை. அப்படி வேண்டாம், ஒரு புத்தகம் எதைப் பற்றியது, அதன் மூலப்பொருள் என்ன, அதில் நடக்கும் செயல் என்ன, எந்த இடம், எந்தக் காலம் என்று துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியபடி கோத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. துண்டுகளை இணைக்க முக்காற்புள்ளி, அதாவது கோலன். திரும்பி வந்த கப்பலிலேயே அதைத் தீட்டத் தொடங்கிவிட்டார். கோலன் வகைப்பாடு 1933இல் நூலாக வந்தது. இன்று உலகில் எங்கே நூலக அறிவியல் படித்தாலும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

1925இல் சென்னை திரும்பியவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை. அடுத்த இருபது ஆண்டுகள் அவர் உழைத்த உழைப்பைப் பற்றிச் சொல்லப்படுபவை கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். தினம் பதின்மூன்று மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும், விடுமுறையே இல்லாமல். குடும்பத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 1928இல் முதல் மனைவி ருக்மிணி கோயில் குளத்தில் நேர்ந்த விபத்தில் இறந்தார். பிறகு சாரதாவை மணந்தார். திருமணம் முடிந்த அன்று பிற்பகலே நூலகத்துக்குப் போய்விட்டார் என்பார்கள். பாராட்டுவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறோம்.

அந்த 1928தான் அவருடைய பொது வாழ்வில் திருப்புமுனை. சென்னை நூலகச் சங்கம் அந்த ஆண்டு தொடங்கியது. நூலகம் என்றால் என்ன என்பதை ஐந்தே விதிகளில் அவர் அடக்கியதும் அப்போதுதான். பூட்டி வைப்பதற்கல்ல புத்தகம், எடுத்துப் படிப்பதற்கு என்பது முதல் விதியின் கருத்து. அதைச் சுருக்கமாகச் சொல்ல வார்த்தை எடுத்துக் கொடுத்தவர் பழைய பேராசிரியர் ராஸ். வாசிப்பவர் யாராயினும் அவருக்கென்று ஒரு புத்தகம் உண்டு, எந்தப் புத்தகத்துக்கும் அதைத் தேடும் வாசகர் ஒருவர் உண்டு, வந்தவரைக் காக்க வைக்காதே, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பவை மற்ற நான்கும். இவற்றை அவர் முதலில் யாரிடம் கொண்டுபோனார் தெரியுமா? நூலகர்களிடம் இல்லை, சொல்லும்படியாக அப்போது நூலகர்களே ஏது? 1928 டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில், பள்ளி ஆசிரியர்கள் நடுவேதான் பேசினார். 1931இல் அது நூலானது.

விதிகளைச் சொல்லியாயிற்று, நடத்த ஆள் வேண்டுமே? 1929இல் நூலகச் சங்கத்தின் பெயரில் ஒரு கோடைகாலப் பள்ளி தொடங்கினார். நாட்டில் இதற்கு முன்னோடிகள் உண்டு. பரோடாவில் போர்டன், லாகூரில் டிக்கின்சன் என்ற இரு அமெரிக்கர்கள் 1910களில் வகுப்பு நடத்தியிருந்தார்கள். ரங்கநாதன் வகுப்போடு விடவில்லை. 1931இல் அந்தப் பள்ளியைச் சென்னைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும்படி செய்தார். 1937இல் சில மாதச் சான்றிதழ் வகுப்பு, பட்டதாரிகளுக்கான ஓராண்டு முழுநேர டிப்ளமோ ஆனது. பட்டம் பெற்றவர் மட்டுமே சேரலாம் என்ற அந்த ஒரு நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது. எழுத்தர் வேலைக்கு ஒருவரை எடுத்து நூலகத்தில் போட்டால் அவர் புத்தகத்தை எண்ணுவார், தூசு தட்டுவார், தொலைந்தால் அபராதம் வாங்குவார். ஒரு துறையை முறையாகப் படித்தவர், அதற்கு மேல் வகைப்படுத்துதல், அட்டவணை தயாரித்தல், வாசகருக்கு வழிகாட்டுதல் எல்லாம் கற்றவர் என்றால் கேட்கும் பிள்ளைக்கு வேண்டியதைத் தேடிக் கொடுப்பார்; கேட்கத் தெரியாத பிள்ளைக்கும் கொடுப்பார். அப்படிப் படித்தவருக்கு ஆசிரியருக்கு நிகரான சம்பளமும் மதிப்பும் வேண்டும் என்று அவர் வாதாடினார். இதனால் பலருக்கு அவரைப் பிடிக்காமலும் போயிற்று.

1942இல் பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றியே தனி நூல் எழுதினார். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே பாடம், ஒரே வேகம் என்பது அந்தக் கணக்கு வாத்தியாருக்கு ஒப்பவில்லை. வேகமாக ஓடுபவனும் மெதுவாக நடப்பவனும் தன் வழியில் போக இடம் தருவது பள்ளியில் நூலகம் மட்டுமே என்று அவர் கருதினார். அப்படியானால் அங்கே இருப்பவர் ஓர் ஆசிரியராகவும் இருக்க வேண்டும், நூலகராகவும் இருக்க வேண்டும். எல்.டி.யும் லண்டன் படிப்பும் இரண்டும் முடித்தவருக்கு இது தெளிவாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு அவர் போனது மனக்கசப்போடுதான். 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் அழைத்தது. ஐம்பது வயதைக் கடந்தவர், அங்கே சுமார் ஒரு லட்சம் புத்தகங்களை ஏறக்குறைய தனி ஆளாக வகைப்படுத்தி அட்டவணை போட்டார். 1947இல் தில்லிப் பல்கலைக்கழகம் போனார். நூலக அறிவியலில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் அங்கே அவர் காலத்தில் வந்தன. பிறகு முனைவர் பட்டமும் வந்தது. ஒரு காலத்தில் 900 விண்ணப்பங்களில் பயிற்சி பெற்ற ஒருவரைக்கூடக் காணாத நாட்டில், ஒரு வாழ்நாளுக்குள் இது நடந்தது.

1957இல் பத்மஸ்ரீ, 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்று மரியாதைகள் வந்தன. அவற்றைவிட எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயை, மனக்கசப்போடு பிரிந்து வந்த அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக் கொடுத்தார். நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பதவிக்குத் தம் பெயரை வைக்கவில்லை, மனைவி சாரதாவின் பெயரை வைத்தார். 1950களில் ஒரு லட்சத்துக்கு என்ன வாங்கியிருக்கலாம் என்று நம் குடியிருப்பின் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசி ஆண்டுகள் பெங்களூரில். 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணப் பயிற்சி, ஆராய்ச்சி மையத்தை அங்கே தொடங்கினார். 1972 செப்டம்பர் 27 அன்று காலமானார். வயது எண்பது.

வீட்டில் பட்டப்படிப்பு முடிக்கும் பிள்ளையோ, வேலைக்குத் திரும்ப நினைக்கும் மகளோ மருமகளோ இருந்தால் இந்தத் தகவல் பயன்படும். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் ஓராண்டு பி.எல்.ஐ.எஸ். படிப்பில் சேரலாம், அதற்கு மேல் எம்.எல்.ஐ.எஸ். உண்டு. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே இளநிலையைப் படிக்கலாம். கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளில் நூலகர் பணிக்கு இந்தப் படிப்பைத்தான் கேட்கிறார்கள். அடுத்த முறை பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, கணக்கு டீச்சர், சயன்ஸ் டீச்சர் வரிசை முடிந்ததும் நூலகம் எங்கே என்று கேட்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். அங்கே இருப்பவர் நூலக அறிவியல் படித்தவரா, வாரத்தில் எத்தனை நாள் பிள்ளைகளை உள்ளே விடுகிறார்கள், அலமாரி திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.