பேரணுக்களை ஆய்ந்த மெச்னிகோவ்

1869ஆம் ஆண்டு உருசிய நாட்டில் ஒரு திருமணம் நடைபெற்றது. மணமகள் லுத்மிலா நடக்கவும் வலுவற்றிருந்தமையால் நாற்காலியில் அமர்த்தித் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். மணமகன், விலங்கியல் அறிஞர் இலியா மெச்னிகோவ். மனைவியின் நெஞ்சைக் காசநோய் அரித்தது. வெப்பம் மிகுந்த இடங்களை நாடி அவரை அழைத்துச் சென்றும் பயனில்லை. 1873இல் மதீராத் தீவில் லுத்மிலா மறைந்தார். மெச்னிகோவ் வாழ்வின் மீதே பற்றிழந்தார்.

1845இல் கார்கோவ் நகருக்கருகே பிறந்த அவர், பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தவர். பின்னர் ஓல்காவை மணந்தார். 1882இல் ஒதெசாப் பல்கலைக்கழகப் பணியைத் துறந்து, சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கினார். ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் காணச் சென்றிருக்க, அவர் மட்டும் நுண்ணோக்கியுடன் இருந்தார். கண்ணாடி போன்ற உடல் கொண்ட நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் ரோசா முள்ளைச் செருகினார். மறுநாட்காலை முள்ளைச் சூழ்ந்து அசையும் உயிரணுக்கள் திரண்டிருந்தன. நுழைந்த பகையை விழுங்க வந்த காவற்படை அது என உணர்ந்தார். விழுங்கணுக் கொள்கை அங்கே பிறந்தது.

அவ்வாண்டிலேயே இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்திருந்தார். அந்நோயுற்ற திசுவின் சிறு முடிச்சுகளில் வியப்பூட்டும் பேரணுக்கள் உண்டு. பெரும்பாலான உயிரணுக்களுக்கு உட்கரு ஒன்றே. இவற்றிலோ பல உட்கருக்கள் குதிரை லாடம் போல ஓரத்தில் வளைந்து நிற்கும். 1868இல் அவற்றை விரிவாக விளக்கியவர் தியோடர் லாங்ஹான்ஸ். அவை சிதைந்து மடியும் அணுக்களே என்று கருதியோர் பலர். மெச்னிகோவ் அதனை ஏற்கவில்லை. சிறு கொறிவிலங்குகளின் திசுக்களை ஆய்ந்தபோது, பேரணுக்களின் உள்ளே கிருமிகள் உருக்குலைந்து கிடந்ததைக் கண்டார். ஆகவே பேரணு என்பது பிணமன்று, போரிடும் விழுங்கணுவே என 1888இல் எழுதினார். அந்த ஆண்டே பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார்.

விழுங்கணுக்கள் பல ஒன்றிணைந்து பேரணு உருவாகலாம் என்று கருதப்படுகிறது. உடலில் தங்கிய தையல் நூலைச் சூழ்வதும், பழைய எலும்பைக் கரைப்பதும் இத்தகைய அணுக்களே. ஆயினும் அவற்றின் ஆற்றலை அவர் சற்று மிகையாகவே நம்பினார் எனலாம். காசநோய்க் கிருமி விழுங்கணுவுக்குள்ளேயே நெடுங்காலம் பதுங்கி வாழவல்லது.

1908ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசு பெற்றபின்னும் பழைய பகையை அவர் மறக்கவில்லை. 1911இல், முதுமையிலும், கால்மிக் மக்கள் வாழும் புல்வெளிகளுக்குச் சென்று காசநோய் பரவும் முறையை ஆராய்ந்தார். 1916இல் பாரிசில் காலமானார். அவரது சாம்பல் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.