சேலத்தில் ஆங்கிலம் பயிற்றிய சாஸ்திரியார்

சேலம் என்றவுடன் விசயராகவாச்சாரியாரையும் இராஜாஜியையும் நினைவுகூரும் நாம், 1890-களின் தொடக்கத்தில் சேலம் நகராட்சிக் கல்லூரியில் இளம் ஆசிரியராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரை ஏனோ மறந்துவிடுகிறோம்.

1869 செப்டம்பர் 22-இல் ஏழைப் புரோகிதர் மகனாகப் பிறந்தவர் அவர். கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலமும் வடமொழியும் பயின்று 1888-இல் பட்டம் பெற்றார். ஆங்கிலம் அவருக்கு வீட்டில் கேட்ட மொழியன்று; இங்கிலாந்து சென்று கற்றதுமன்று. நூல்களிலிருந்து சொல் சொல்லாக ஈட்டிய செல்வம் அது. தேர்வுக்கென ஆங்கிலச் சொற்பட்டியலை நெட்டுருச் செய்யும் என் மாணவியரிடம் நான் சொல்வதுண்டு: அவர் பெருமை அரிய சொற்களை அறிந்ததில் இல்லை; ஒரு பொருளை நெருங்கி நிற்கும் நான்கு சொற்களுள் அவ்விடத்துக்கு உரியது எதுவெனத் தெளிந்ததில் உள்ளது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராய்ப் புகழ்பெற்று, பின் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915-இல் அதன் தலைவரானார். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளில் இந்தியர் உரிமைக்காகப் பேசினார். அந்நாவன்மையே அவருக்கு 'வெள்ளிநாவினர்' என்னும் பெயரை ஈட்டித் தந்தது.

ஒத்துழையாமையை அவர் ஏற்றவரல்லர். ஆயினும் காந்தியடிகளின் தன்வரலாற்று ஆங்கில மொழிபெயர்ப்பைச் சொல் தோறும் செப்பனிட்டுத் தந்தார். தம் பெயர் வெளிவரலாகாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. திருந்திய அப்பதிப்பின் முன்னுரை 1940-இல் எழுதப்பெற்றது.

அதே 1940-இல் அறிவியல் கலைச்சொற்களுக்கு நெறி வகுக்கச் சென்னை மாகாண அரசு அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். அக்குழு வடமொழிச் சார்புடையது எனத் தமிழறிஞர் கடுமையாக எதிர்த்தனர். எதிர்த்தவர் பக்கமே என் மனம் சாய்கிறது. இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் 1916-இலேயே சாத்திரீயப் பரிபாஷைச் சங்கம் கண்டு, தாவரவியலுக்கும் வேதியியலுக்கும் தமிழில் சொல் தேடிய முன்மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில் நூலிழை பிசகினும் பொறாத ஒருவர், தமிழ்ச்சொல்லிடத்தும் அக்கண்டிப்பைக் காட்டியிருந்தால் என்ற ஏக்கம் எனக்குத் தீர்ந்தபாடில்லை.

1944-இல் வான்மீகி இராமாயணம் பற்றி முப்பது சொற்பொழிவுகள் ஆற்றினார். கேட்டது மயிலாப்பூர், பேசிய மொழி ஆங்கிலம். 1946 ஏப்ரல் 17-இல் மறைந்தார்.