கடிதம் எழுதியே கல்லூரி கட்டியவர்



பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்றால் நம் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? நன்கொடைப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். வசதி படைத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் தமிழ்ப்பள்ளிகள் பல இப்படித்தான் எழும்பின. இதே வேலையை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் காட்டுப் பகுதியிலிருந்து ஒருவர் செய்தார். கடல் கடந்து போய், முன்பின் அறியாத சீமான்களின் கதவைத் தட்டினார். ஒன்றல்ல, இரண்டு கல்லூரிகளைக் கட்டினார். அவற்றுள் முதலாவதை விட்டு மனம் நொந்து வெளியேறினார். அவர்தான் பிஷப் பிலாண்டர் சேஸ்.

1775ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயரில் கார்னிஷ் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு, இவர்தான் கடைக்குட்டி. டார்ட்மத் கல்லூரியில் படிக்கும்போது ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்தவர், பிறந்த சபையை விட்டு எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் சேர்ந்துகொண்டார். ஆங்கிலத் திருச்சபையின் வழிவந்து, அமெரிக்க விடுதலைக்குப் பின் தனியாக நடக்கத் தொடங்கிய சபை அது. 1799இல் குருவானார். 1805இல் நியூ ஆர்லியன்சுக்குப் போய், அந்நகரின் முதல் புராட்டஸ்டண்டு சபையை நிலைநாட்டினார். அங்கே இருந்தபோது ஜாக் என்ற ஓர் அடிமையையும் வைத்திருந்தார். அந்த மனிதர் தப்பி ஓடினார். குருவானவர் வீட்டிலா அடிமை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கேட்கத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

பிறகு ஹார்ட்பர்டு நகரில் சில ஆண்டுகள். நல்ல சபை, வசதியான வாழ்க்கை. அதை விட்டுவிட்டு 1817இல் ஒஹையோவுக்குக் கிளம்பிவிட்டார். ஒஹையோ அப்போது புதிய மாநிலம். எங்கு பார்த்தாலும் காடு. வந்த மறு ஆண்டே மனைவி மேரி காலமானார். 1819 பிப்ரவரியில் சேஸ் ஒஹையோவின் முதல் பிஷப் ஆனார். அவ்வாண்டிலேயே சோபியா என்னும் அம்மையாரை மணந்தார்.

பிஷப் என்றால் மாளிகை, வண்டி, பணியாட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குச் சம்பளம் கொடுக்கவே அந்த மாநிலச் சபைகளுக்கு வழியில்லை. வொர்திங்டன் என்ற ஊரில் ஒரு பண்ணை வைத்திருந்தார். கூலி கொடுக்க முடியாமல் வேலையாளை நிறுத்திவிட்டு, தானே விறகு வெட்டினார். மாட்டுக்கும் பன்றிக்கும் தீனி வைத்தார். மீதி நேரத்தில் குதிரையேறிச் சபைகளைச் சுற்றிவந்தார்.

அந்தப் பண்ணைக்கு 1820இல் 12 வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். அண்ணன் மகன் சால்மன், தகப்பனை இழந்தவன். சித்தப்பா படிப்பையும் கொடுத்தார், வேலையையும் கொடுத்தார். ஒருநாள் ஒரு பன்றியை வெட்டிச் சுத்தம் செய்யச் சொன்னார். வெந்நீர் அதிகச் சூடாகிவிட்டதால் மயிர் உரிய மாட்டேன் என்றது. பையன் என்ன செய்தான் தெரியுமா? சித்தப்பா மகனுடைய சவரக் கத்தியை எடுத்து வந்து பன்றிக்கு முழுச் சவரம் செய்துவிட்டான்! இந்தச் சால்மன் சேஸ்தான் பின்னாளில் லிங்கனின் நிதியமைச்சராகவும் அமெரிக்காவின் தலைமை நீதிபதியாகவும் விளங்கியவர். சித்தப்பாவின் கண்டிப்பை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அன்பாக நினைவுகூர்ந்தார் என்றும் சொல்ல முடியாது.

சேஸுக்கு ஒரே கவலை. ஒஹையோவில் மக்கள் பெருகுகிறார்கள், குருமார் இல்லை. கிழக்கு நகரங்களில் படித்த இளைஞர்கள் காட்டுக்கு வர மாட்டேன் என்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளையே படிக்க வைக்க வேண்டும். அதற்குக் கல்லூரி வேண்டும், கல்லூரிக்குப் பணம் வேண்டும். இங்கிலாந்துக்குப் போய்க் கேட்பது என்று முடிவு செய்தார்.

இங்கேதான் வம்பு தொடங்கியது. நியூயார்க் பிஷப் ஹோபார்ட் குறுக்கே நின்றார். குருமாரைப் பயிற்ற நியூயார்க்கில் பொதுக் கல்லூரி ஒன்று இருக்கும்போது மேற்கே தனியாக ஒன்று எதற்கு, சபை இரண்டாகப் பிளந்துவிடுமே என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. சேஸ் 1823 அக்டோபரில் கப்பலேறினார். இங்கிலாந்தில் ஹோபார்ட்டின் எச்சரிக்கைகள் பல கதவுகளைச் சாத்திவிட்டன. போய் இறங்கியவருக்கு ஆறுதலான வரவேற்பு கிடைக்கவில்லை.

சேஸின் சட்டைப்பையில் ஒரு கடிதம் மட்டும் இருந்தது. எழுதியவர் ஹென்றி கிளே என்ற அமெரிக்க அரசியல் தலைவர். பெற வேண்டியவர் கடற்படைத் தளபதி கேம்பியர் பிரபு. 1814இல் கெண்ட் நகரில் அமெரிக்காவும் பிரிட்டனும் சமாதானம் பேசியபோது இருவரும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். எதிர் அணியில் இருந்தவர் எழுதிய அந்தச் சிபாரிசுக் கடுதாசிதான் சேஸுக்குக் கதவைத் திறந்தது! கேம்பியருக்குப் பின் கென்யன் பிரபு, பெக்ஸ்லி பிரபு, ராஸ் சீமாட்டி, எழுத்தாளர் ஹன்னா மோர் என்று ஒருவர் பின் ஒருவராக ஆதரவு தந்தார்கள்.

இந்தக் கேம்பியர் பிரபு நமக்கும் சற்றுத் தொடர்புடையவர்தான். திருநெல்வேலிப் பக்கம் பள்ளிகள் நடத்திய சர்ச் மிஷனரி சங்கத்துக்கு அந்நாளில் தலைவராக இருந்தவர் அவரே. வெற்றிலையோடு மெல்லும் கம்பீருக்கும், ஜொகூரில் உள்ள புக்கிட் கம்பீருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

எதிர்ப்புக்குப் பதில் என்று சேஸ் செய்தித்தாளில் சண்டை போடவில்லை. அதைவிடச் சாமர்த்தியமான காரியம் ஒன்று செய்தார். சேரும் பணத்தைத் தான் தொடப் போவதில்லை, அது இங்கிலாந்திலேயே பொறுப்பாளர் கையில் இருக்கட்டும், ஒஹையோவில் எல்லாம் ஒழுங்காக அமைந்தது என்று கிளே சான்று கொடுத்த பிறகு அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டார். சந்தேகப்பட்டவர்கள் இதற்கு மேல் என்ன பேச முடியும்? ஏறத்தாழ 30,000 அமெரிக்க வெள்ளி சேர்ந்தது. இதற்கிடையில் 1824இல், தகப்பனார் கடலுக்கு அப்பால் இருக்கும்போதே, அவருடைய மூத்த மகன் சார்ல்ஸ்டன் நகரில் இறந்துபோனார். நன்கொடைக்கு நன்றி எழுதிய அதே கைதான் வீட்டுத் துக்கத்தையும் எழுத வேண்டியிருந்தது.

அந்தக் காலத்துக் கடிதம் என்றால் இப்போது நமக்குப் புரிவது கடினம். உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வெளிப்பக்கம் முகவரி எழுதுவார்கள். தபால் கூலியை அநேகமாகப் பெறுகிறவர்தான் கட்டுவார். அமெரிக்காவில் 400 மைலுக்கு மேல் போகும் கடிதம் தாளுக்கு 25 காசு. இரண்டு தாள் என்றால் இரண்டு பங்கு! அதனால் சுருக்கமாக எழுதியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? சேஸிடம் அது நடக்காது. பாய்மரக் கப்பலில் கடலைத் தாண்டப் பல வாரம் ஆகும். கேள்வி ஒரு பருவத்தில் போனால் பதில் அடுத்த பருவத்தில் வரும். இப்படித்தான் மனைவிக்கும் நண்பர்களுக்கும் பிரபுக்களுக்கும் சலிக்காமல் எழுதினார்.

1824 டிசம்பர் 29இல் ஒஹையோ சட்டமன்றம் கல்லூரிக்கு அனுமதி அளித்தது. நாக்ஸ் வட்டாரத்தில் 8,000 ஏக்கர் காட்டு நிலம் 18,000 வெள்ளிக்கு வாங்கப்பட்டது. கல்லூரிக்குக் கென்யன் பெயர், ஊருக்குக் கேம்பியர் பெயர். 1827 ஜூன் 9இல் அடிக்கல் நாட்டினார்கள். நான்கு அடிக் கனமுள்ள கற்சுவர்! பிஷப்பும் அவரே, கல்லூரித் தலைவரும் அவரே, கட்டட மேஸ்திரியும் அவரே. அடுப்படியிலிருந்து கணக்கு வழக்குவரை சோபியா அம்மையார் பார்த்துக்கொண்டார். அந்த அம்மையார் இல்லாவிட்டால் பிள்ளைகள் பட்டினிதான். பணம் மீண்டும் தட்டுப்பட்டது. 1828இல் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்று நாடு முழுவதற்கும் வேண்டுகோள் அச்சிட்டு அனுப்பினார். காங்கிரசிடம் நிலம் கேட்டார். மேலவை சரி என்றது, கீழவையில் நிறைவேறவில்லை.

தூரத்தில் இருந்தவர்களைக் கடிதத்தால் கனியவைத்தவருக்குப் பக்கத்து அறை ஆசிரியர்களைக் கனியவைக்கத் தெரியவில்லை. தான் கட்டியது, தான் சொன்னதுதான் சட்டம் என்று இருந்துவிட்டார். ஆசிரியர்கள் தங்களுக்கும் ஒரு குரல் வேண்டும் என்றார்கள். அவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஸ்பாரோ, நல்ல கல்விமான். பிஷப் என்ற முறையில் கல்லூரி முழுவதும் தன் அதிகாரத்தின் கீழ் என்று சேஸ் விட்டுக்கொடுக்க மறுத்தார். 1831 செப்டம்பரில் கூடிய திருச்சபைப் பேரவை அவர் பக்கம் நிற்கவில்லை. உடனே இரண்டு பதவியையும் ஒன்றாகத் துறந்து எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் எழுதிய கடிதங்களிலேயே விலை அதிகமான கடிதம் அதுதான். என் கருத்தைக் கேட்டால், அன்று ஆசிரியர்கள் கேட்டது நியாயம். ஆனால் ஏழாண்டு உழைப்பை விட்டுவிட்டு 55 வயதில் நடந்து போன மனிதரை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தில் கிலியட் என்ற இடத்தில் மறுபடியும் காட்டைத் திருத்திப் பண்ணை போட்டார். 1835இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் சின்னஞ்சிறு சபைகள் அவரைப் பிஷப்பாகத் தேர்ந்தெடுத்தன. சம்பளம்? அதே கதைதான். அறுபதை எட்டும் வயதில் மீண்டும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் பழைய நண்பர்களைப் பார்த்தார். பியோரியா ஊருக்குப் பக்கத்தில் மரமும் மண்ணும் கொண்டு ஒரு வீடு. குச்சியும் மண்ணும் வைத்துக் கட்டி உள்ளே குஞ்சுகள் நிறைந்திருப்பதால் அதற்கு ராபின் குருவிக் கூடு என்றே பெயர் வைத்தார்! 1839 ஏப்ரல் 3இல் ஜூபிலி கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். 1843இல் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் தலைமை பிஷப் ஆனார். எழுதிய கடிதங்களையும் வந்த கடிதங்களையும் கோத்துத் தன் வரலாற்றை இரண்டு பாகமாக வெளியிட்டார். 1852இல் வண்டி விபத்தில் அடிபட்டு, செப்டம்பர் 20இல் காலமானார்.

ஜூபிலி கல்லூரி அவருக்குப் பின் நெடுநாள் நிற்கவில்லை, 1862இல் மூடப்பட்டது. கென்யன் கல்லூரியோ இன்றும் நடக்கிறது. அமெரிக்காவின் 19ஆவது அதிபர் ரதர்போர்டு ஹேய்ஸ் 1842இல் அங்கே பட்டம் பெற்றவர். சேஸின் உடல் ஜூபிலி கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறது. கடிதங்களில் பெரும் தொகுதி ஒன்று இருப்பது கென்யன் கல்லூரி நூலகத்தில். மடித்த தழும்போடும் அரக்குக் கறையோடும் அவற்றைக் காத்துவருவது, அன்று அவர் கதவைச் சாத்திவிட்டுப் போன அதே இடம்தான்.