நெய்யாடுபாக்கம் தந்த டி.பி.ஐ.



நம்மில் இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு 'சிஸ்டம்' என்றதும் போர்டு ஞாபகம் வரும். பெட்டி பெட்டியாக வரைந்து, அம்புக்குறி போட்டு, ஒரு பெட்டியில் கை வைத்தால் இன்னொரு பெட்டியில் என்ன ஆகும் என்று வாத்தியார் கேட்பார். அந்தக் கேள்வியைச் சர்க்கார் இலாகா ஒன்றில் உட்கார்ந்து கேட்டவர் ஒருவர் நம்ம ஜில்லாவிலேயே பிறந்திருக்கிறார். அவர் இன்ஜினீயர் இல்லை. பொருளாதாரம் படித்தவர். பெயர் நெ.து. சுந்தரவடிவேலு. நெ.து.சு. என்றால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உடனே தெரியும்.

முதல் எழுத்து 'நெ' என்பது நெய்யாடுபாக்கம். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமம். அங்கே துரைசாமி என்பவரின் மகனாக 1912 அக்டோபர் 12-ல் பிறந்தார். அன்றைய செங்கல்பட்டு ஜில்லா இப்போதுபோல் இல்லை. வடக்கே பொன்னேரியில் ஆரம்பித்து, திருவள்ளூர், காஞ்சிபுரம் எல்லாம் சேர்த்து, தெற்கே மதுராந்தகம் வரை ஒரே ஜில்லா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சுதந்திரத்துக்கு முன்பே கல்வி இலாகாவில் சேர்ந்தார். பெரியாரின் சுயமரியாதைக் கொள்கையில் பிடிப்பு உள்ளவர். காந்தம்மாவை அவர் மணந்தது சாதி பார்க்காத சுயமரியாதைத் திருமணம். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு அந்தக் காலத்தில் இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

பள்ளிக்கூட ஆய்வுக்காக ஊர் ஊராகச் சுற்றியதுதான் அவருக்குப் பெரிய படிப்பு. 1954-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனார். முந்தைய ஆண்டு ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டம், எதிர்த்தவர்கள் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்த திட்டம், கைவிடப்பட்டது. சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சர். அதே ஆண்டு, நாற்பதைத் தாண்டியதும் தாண்டாததுமாக, நெ.து.சு. பொதுக் கல்வி இயக்குநர் ஆனார். அதாவது டி.பி.ஐ.

முன்னால் இருந்த பிரச்சினை என்ன? பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். ஊரில் பள்ளிக்கூடமே இல்லை என்றார் ஒருவர். இருக்கிறது, ஆனால் கூரை ஒழுகுகிறது என்றார் இன்னொருவர். பையன் மாடு மேய்த்தால் வீட்டில் கஞ்சி, படிக்கப் போனால் அதுவும் இல்லை என்றார்கள் பெற்றோர். எல்லாம் உண்மைதான். ஆனால் இதில் எந்த ஒன்றைத் தனியாகச் சரி செய்தாலும் மற்றது காலை வாரிவிடும். சோறு போட்டால் கூட்டம் சேரும், உட்கார இடம் இருக்காது. கட்டடம் கட்டினால் பாடம் சொல்ல ஆள் இருக்காது. ஆளைப் போட்டால், அவர் வயதான பிறகு நடுத்தெருவில் நிற்கிற நிலைமை. நல்லவர்கள் அந்த வேலைக்கு எப்படி வருவார்கள்? ஆக எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். 300 பேர் வாழ்கிற ஊருக்கு ஒரு பள்ளி. எந்தப் பிள்ளையும் ஒரு மைலுக்கு மேல் நடக்கக் கூடாது என்பது கணக்கு. ஓராசிரியர் பள்ளியானாலும் பரவாயில்லை, முதலில் கதவைத் திற என்பது கொள்கை. அந்த ஆசிரியருக்காக 1955-ல் ஒரு ஏற்பாடு வந்தது. உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் சேமநிதி, பென்ஷன், இன்ஷூரன்ஸ் மூன்றும் சேர்ந்த திட்டம். இந்தியாவில் இப்படி முதலில் செய்தது சென்னை ராஜ்யம்தான். சோற்றுத் திட்டத்துக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், மற்றதெல்லாம் நின்றது இதன் மேல்தான்.

இனி சோறு. பள்ளியில் சாப்பாடு என்பது புதிய யோசனை அல்ல. 1920-லேயே பி. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்திருந்தது. ராஜ்யம் முழுக்கப் போடுவதுதான் கஷ்டம். பணம் எங்கே என்று நிதி இலாகா கேட்கும். அது கேட்க வேண்டிய கேள்வியும்கூட. அதனால் முதலில் ஜனங்களை வைத்தே ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி, தோட்டத்துக் காய், தோப்பிலிருந்து விறகு. ஆசிரியரே முன்னால் நின்றார். 1956-ல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கி வைத்த பிறகு, ஊருக்கு ஊர் போட்டி போட்டுக்கொண்டு இது பரவிற்று. நடக்கும் என்று ஊர்களே காட்டிவிட்ட பிறகு, 1957 நவம்பரில் சர்க்கார் மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா கணக்கு. ஆறு பைசா சர்க்கார், நாலு பைசா ஊர்.

அந்த நாலு பைசாவைச் சிலர் கஞ்சத்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு பைசா போட்டவன் சும்மா இருக்க மாட்டான். அரிசி எடை சரியா, சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான். அத்தனை ஊருக்கும் இன்ஸ்பெக்டர் போட்டுச் சமாளிக்க முடியுமா? ஊரே இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டது.

சாப்பாடு வந்ததும் எதிர்பார்த்த தலைவலியும் வந்தது. பிள்ளைகள் குவிந்தார்கள், பெஞ்சு இல்லை, போர்டு இல்லை. இங்கேதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு பிறந்தது. 1958-ல் முதல் மாநாடு நடந்ததும் நம்ம செங்கல்பட்டு ஜில்லாவில், திருவள்ளூர் பக்கம் கடம்பத்தூரில். மாநாடு என்றதும் மேடைப்பேச்சு, மாலை, மைக் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை முழுக்க மாநாட்டுக்கு முன்னாலேயே நடந்தாகணும். ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து என்னென்ன குறை என்று பட்டியல் போட வேண்டும். கூரைக்கு ஓடு, குடிக்கத் தண்ணீர்ப்பானை, கடிகாரம், பூகோளப் படம், ஒரு மணி. எதற்கு எவ்வளவு ஆகும் என்று பக்கத்தில் விலையும் எழுத வேண்டும். பட்டியலைப் பார்த்து, கடிகாரம் என்னுடையது என்பார் ஒருவர். வகுப்பறையே என்னுடையது என்பார் வசதியுள்ளவர். ஒன்றும் இல்லாதவர் இரண்டு நாள் மண்வேலை செய்து கொடுப்பார். பள்ளிக்கு நன்கொடை தாருங்கள் என்று மொட்டையாகக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். இந்த மணி வேண்டும், விலை இவ்வளவு என்றால் தருவார்கள். இந்தச் சூட்சுமம் அவருக்குத் தெரிந்திருந்தது. கடம்பத்தூருக்குப் பிறகு ராஜ்யம் முழுக்க இப்படி மாநாடுகள் நடந்தன. பலவற்றுக்குக் காமராஜரே வந்து உட்கார்ந்தார்.

சீருடையும் இதே வழியில் வந்ததுதான். கிழிந்த சட்டைக்காரப் பையன் வெட்கப்பட்டு நின்றுவிடுகிறான்; மிராசுதார் வீட்டுப் பையனும் அவனும் ஒரே துணி போட்டால் அந்த வெட்கம் இல்லை. 1960 வாக்கில் அந்தத் துணியையும் ஊர்க்காரர்களே வாங்கிக் கொடுக்கும்படி செய்தார். பொது நூலகத் துறையும் அப்போது டி.பி.ஐ. கையில்தான் இருந்தது. எழுத்துக் கற்ற பிள்ளை பள்ளியை விட்டு வந்ததும் எழுத்தை மறக்காமல் இருக்கக் கிளை நூலகங்கள் வேண்டும் என்று அதையும் கூடவே விரித்தார்.

குறையே இல்லையா? இருந்தது. வசதியுள்ள ஊரில் பட்டியல் சீக்கிரம் தீர்ந்தது. வறண்ட ஊரில், குறிப்பாகச் சேரிப் பள்ளியில், கேட்கவே ஆள் இல்லை. ஊரை நம்பி ஒரு திட்டம் போட்டால் ஊரில் இருக்கும் ஏற்றத்தாழ்வும் கூடவே உள்ளே வந்துவிடும். ஆசிரியர் பாடம் நடத்துவதா, அரிசி வசூலிப்பதா என்ற முணுமுணுப்பும் நியாயமானதுதான். முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் ஐந்தாம் வகுப்பை எட்டவில்லை. ஓராசிரியர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் வைத்து மேய்த்தால் படிப்பு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கதவைத் திறக்காமல் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், நம்மில் பாதிப்பேரின் அப்பா அம்மா கைநாட்டுத்தான் வைத்திருப்பார்கள்.

1961-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நம்ம வட்டாரத்துக் கல்லூரிகள் எல்லாம் அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். அந்த ஆண்டுகளில் பட்டம் வாங்கிய அண்ணன்மார் யாராவது இந்த மலரைப் படித்தால், பழைய பட்டச் சான்றிதழை எடுத்துக் கையெழுத்தைப் பாருங்கள்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அதைப் பார்க்க நெ.து.சு. இருந்தார். கைப்பிடி அரிசி போய், முழுச் செலவும் சர்க்கார் தலையில் ஏறிய காலம் அது. 1993 ஏப்ரல் 12-ல் காலமானார். 2001-ல் சமைத்த மதிய உணவு எல்லா மாநிலத்திலும் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும், 2022-ல் இங்கே காலைச் சிற்றுண்டி தொடங்கியதையும் அவர் பார்க்கவில்லை.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. தன் வாழ்க்கையை 'நினைவு அலைகள்' என்று மூன்று பாகமாக அவரே எழுதி வைத்திருக்கிறார். தடித்த புத்தகம்தான், பரீட்சைக்கும் வராது. செமஸ்டர் லீவில் லைப்ரரியில் கேட்டு வாங்குங்கள்.