திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் இளமையும் உழைப்பும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு முன்னோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, யாரைத் தேர்வது என்பதில் எமக்கு நெடுநேரம் ஐயம் இருக்கவில்லை. அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை நம் இளைஞர்கள் ஓரளவேனும் அறிவர். அவருடைய திருவுருவப் படம் இல்லாத வீடு நம் குடியிருப்புகளில் அரிது. ஆனால் வட்டமேசை மாநாட்டில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த தமிழர் யார் என்று கேட்டால், பட்டப்படிப்பு முடித்தவர்கள்கூடத் திகைத்து நிற்பதைக் கண்டிருக்கிறோம். அவர்தாம் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். அவருடைய அரசியல் பணிகளை விரித்துரைக்கும் நூல்கள் உள்ளன. நாம் இங்கு மிகுதியாகச் சொல்ல விரும்புவது, அவர் தலைவராவதற்கு முன்பு கழித்த ஆண்டுகளைப் பற்றி. நம் மாணவர்களுக்கு அப்பகுதியே நெருக்கமானது என்பது எம் கருத்து.

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் அவர் பிறந்தார். பிறந்த ஆண்டை 1860 என்பாரும் உளர். இரட்டைமலை என்பது ஊர்ப்பெயர் எனப் பலர் எண்ணுகின்றனர். அது அவருடைய தந்தையாரின் பெயர். வறுமையும் சாதிக் கொடுமையும் கூடி நெருக்கவே, அக்குடும்பம் ஊரைவிட்டுத் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் அங்கிருந்தும் கோயம்புத்தூருக்குச் சென்றது. பெருங்கோயில் நிழலில் வளரும் ஊர்களில் நம்மவர் வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதைத் திருவண்ணாமலையில் இருக்கும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோபுரம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். வீதி எல்லார் காலுக்கும் உரியதாக இருந்ததில்லை.

கோயம்புத்தூர்க் கல்லூரியில் சீனிவாசனார் படித்த காலத்தை அவரே பின்னாளில் எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறுநூலில் குறித்திருக்கிறார். 1939இல் வெளிவந்த அந்நூல் அளவில் சிறியது. ஆயினும் கல்லூரி நாள்களைப் பற்றி அதில் வரும் சில வரிகள், பெரிய நூல்கள் பலவற்றினும் கனமானவை. அக்கல்லூரியில் ஏறத்தாழ 400 மாணவர்கள் பயின்றனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர். சாதிக் கட்டுப்பாடுகள் கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்ட காலம் அது. யாரோடேனும் நட்புக் கொண்டால் அவன் ஊரைக் கேட்பான், வீட்டைக் கேட்பான், பெற்றோரைக் கேட்பான். கேட்டு அறிந்துவிட்டால் இழிவாக நடத்துவான். இந்த அச்சத்தால் அவர் எவரோடும் பழகவில்லை. காலையில் கல்லூரிக்கு வெளியே எங்கேனும் ஓரிடத்தில் இருந்து படித்துக் கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும், உடன் பயில்வோர் எவரும் எட்டிப் பிடிக்க இயலாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். மற்றப் பிள்ளைகள் கூடி விளையாடுவதைப் பார்த்துத் தமக்கு அது கிட்டாததை எண்ணி எண்ணி வருந்தியிருக்கிறார். இந்த இடுக்கத்திலிருந்து எப்படி மீள்வது என்று அந்த வயதிலேயே யோசிக்கவும் தொடங்கிவிட்டார்.

இதை நாம் விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் உதவி பெற்று வேலூருக்கும் சென்னைக்கும் படிக்கச் சென்ற பிள்ளைகள் விடுமுறையில் வந்து சொல்வதைக் கேட்டிருக்கிறோம். எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊர்ப்பெயரைச் சொன்னதும், ஊருக்குள்ளேயா காலனியா என்று அடுத்த கேள்வி வரும். விடுதி அறையில் பெட்டியைத் திறக்கவே தயங்கும் பிள்ளை உண்டு. கல்வி உதவித்தொகைப் படிவத்தை மறைத்து வைத்து நிரப்பும் பிள்ளை உண்டு. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் மணியடித்த பின் வகுப்புக்குள் நுழைந்ததற்கும் இதற்கும் இடைவெளி எவ்வளவு என்பதை இளைஞர்களே கணக்கிட்டுக் கொள்ளட்டும்.

படிப்புக்குப் பின் அவருக்குக் கிடைத்தது உயர்ந்த பதவி அன்று. நீலகிரிக்குச் சென்று, அங்கிருந்த ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராக அமர்ந்தார். காப்பியும் தேயிலையும் சிங்கோனாவும் மலைச்சரிவுகளில் பெருகிக் கொண்டிருந்த காலம். மலையில் கூலியாக உழைத்தோருள் நம்மவர் மிகப் பலர். நம்மவருள் ஒருவர் பேரேட்டின் முன் அமர்ந்து கணக்கெழுதுவது அரிய காட்சியாக இருந்திருக்கும். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவ்வேலையில் கழிந்தன. 1887இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். நீலகிரியிலேதான் அயோத்திதாசப் பண்டிதரும் வாழ்ந்து வந்தார். சீனிவாசனாரின் தமக்கையோ தங்கையோ என்பதில் நூல்கள் வேறுபடினும், அவர்தம் உடன்பிறந்தாராகிய தனலட்சுமி அம்மையார் பண்டிதரை மணந்தவர். இருபெரும் தலைவர்களும் மைத்துனர் முறையினர் என்பது நம் இளைஞர் பலருக்குப் புதுச்செய்தியாக இருக்கலாம்.

கணக்கர் வேலை அவருக்கு வீணாகப் போகவில்லை என்றே நாம் கருதுகிறோம். எதையும் எண்ணிச் சொல்லும் பழக்கம் அவர் எழுத்தில் கடைசிவரை காணப்படுகிறது. எத்தனை மாணவர், எத்தனை பிரதி, எத்தனை கையொப்பம், எத்தனை அடி நீளம் என்று எழுதுவார். மேடையில் முழங்குவோர்க்கு இல்லாத பழக்கம் இது.

1890இல் வேலையை விட்டுச் சென்னைக்கு வந்தார். குடும்பம் உடைய ஒருவர் நிலையான ஊதியத்தை விட்டு இறங்குவது எளிதன்று. வந்தவுடன் கூட்டம் கூட்டிப் பேசவும் இல்லை. நம் மக்களின் நிலையையும் பழைய வரலாற்றையும் ஆராய்வதில் சில ஆண்டுகளைச் செலவிட்டார். அவ்வாண்டுகளில் அவர் பிறந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர், பறையர்களின் நிலமற்ற நிலையைக் குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் வழியே 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணையே இன்று பஞ்சமி நிலம் என நாம் வழக்காடும் உரிமைக்கு அடிப்படை. நம் மாவட்டத்தில் அந்நிலங்கள் எவர் எவர் கையில் இருக்கின்றன என்பது வேறு கதை.

1893 அக்டோபரில் சீனிவாசனார் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’.

இங்கே சற்று நிற்க வேண்டும். எவர் கேட்டுவிடுவாரோ என்று அஞ்சிக் கல்லூரி வாயிலில் விரைந்து நடந்தாரோ, அதே பெயரை அவர் முதற்பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தெருவில் விற்க அனுப்பினார். நான்கு பக்கம், திங்கள் இதழ், விலை இரண்டு அணா. இரண்டே நாளில் சென்னையில் ஏறத்தாழ 400 பிரதிகள் விற்றன என்று குறிப்பிடுகிறார். கோயம்புத்தூர்க் கல்லூரியின் மாணவர் தொகையும் அதுவே. தற்செயல்தான், ஆயினும் எமக்கு அது மறப்பதில்லை. பின்னர் அது வார இதழாயிற்று. சொந்த அச்சுக்கூடமும் ஏற்பட்டது. வழக்கும் வந்தது, நூறு ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. 1900 வரை இதழ் நின்றது.

இப்பெயரை நம்மவர் எல்லாரும் ஏற்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் இப்பெயரையே பகைவர் சுமத்திய இழிவு என்று கருதினார். நாம் பூர்வத் தமிழர், பௌத்தர் என்று நிறுவுவதே அவர் நெறி. 1907இல் அவர் தொடங்கிய இதழுக்கு வைத்த பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. சீனிவாசனாரோ, அப்பெயரை நாமே அஞ்சாமல் சொல்லிக்கொள்ளும் நாளில்தான் உரிமையைக் கேட்கும் வாய் திறக்கும் என்று எண்ணினார். இருவருள் யார் சரி? இக்கேள்வியால் நம் சங்கக் கூட்டங்கள் சிலவே இரவு நெடுநேரம் நீண்டதுண்டு. பண்டிதரின் ஆராய்ச்சி ஆழமானது. ஆயினும், மறைத்து வாழ்ந்த நோவை உடம்பால் அறிந்தவர் சீனிவாசனார்; அந்நோய்க்கு அவர் கண்ட மருந்து அது. எம் மனம் அவர் பக்கமே சாய்கிறது.

இதழ் தோன்றிய மூன்றாம் திங்களிலேயே ஒரு பெரும் செயல் நடந்தது. இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரி வந்தனர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அன்றைய நிலையில் அத்தேர்வில் வெல்லக்கூடியவர் யார்? வென்று வந்து நம்மேல் ஆட்சி செலுத்துவார் யார்? 1893 டிசம்பர் 23இல் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, அக்கோரிக்கையை எதிர்த்து ஒரு மனு எழுதினர். 3,412 பேர் கையொப்பமிட்ட அம்மனுவின் நீளம் 112 அடி. அது இலண்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. இதை வெள்ளையருக்கு ஆதரவான செயல் என்று பின்னாளில் குறை கூறினோர் உண்டு. கிணற்றில் நீர் எடுக்க இயலாதவனிடம் போய் நாட்டு விடுதலையின் அருமையைப் பேசியவர்கள் அவர்கள்.

1900இல் நம் குறைகளை இலண்டனிலேயே நேரில் எடுத்துரைக்கக் கருதிக் கப்பல் ஏறினார். வாழ்வின் போக்கு வேறாயிற்று. ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தங்கியது இருபது ஆண்டாயிற்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை ஏற்றார். 1860 முதல் அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுள் வடஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டத்தார் மிகுதி. நம் முப்பாட்டன்மாரின் உடன்பிறந்தார் சிலரும் அக்கூட்டத்தில் இருந்திருக்கக்கூடும். அவர்கள் தமிழில் சொன்ன வழக்கை ஆங்கிலத்தில் நீதிபதிக்கு உரைத்த நா சீனிவாசனாருடையது. அங்கே வழக்கறிஞராக இருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக் கொடுத்தவரும் அவரே என்பர்.

அவர் தாயகம் திரும்பியது 1921இல். அப்போது வயது அறுபதைக் கடந்துவிட்டது. அந்த வயதில்தான் அவருடைய பொதுவாழ்வின் பெரும்பகுதி தொடங்கிற்று. இருபத்தைந்து வயதுக்குள் அரசு வேலை கிட்டாவிடின் எல்லாம் முடிந்தது எனச் சோர்ந்து அமரும் தம்பிமார் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்டு 22இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம். பொதுக்கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். நடப்பதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது! அதன் பின்னரும் எல்லாத் தெருவும் திறந்துவிடவில்லை. நம் மாவட்டத்துத் தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், அறநிலையத்துறைக் கோயிலான முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் முதன்முதலாக நுழைந்தது 2023 ஜனவரி 30ஆம் நாள், காவல்துறைப் பாதுகாப்போடு. அத்தீர்மானத்துக்கும் இந்நாளுக்கும் இடையே தொண்ணூற்றெட்டு ஆண்டுகள்.

பிற செய்திகள் பலரும் அறிந்தவை, சுருக்கிச் சொல்வோம். 1926இல் இராவ் சாகிப், 1930இல் இராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர் என்னும் பட்டங்கள் வந்தன. 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கரோடு அனுப்பப்பட்டார். 1900இல் புறப்பட்ட பயணம் முப்பது ஆண்டு கழித்து முடிந்தது என்று கொள்ளலாம். அங்கே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்றால் என்னவென்று வினவியபோது, நம்மவன் ஒருவன் தெருவில் விழுந்துவிட்டால் மேல்சாதியார் எவரும் தொட்டுத் தூக்கமாட்டார் என்று விளக்கினார் என்றும், மன்னர் திடுக்கிட்டார் என்றும் சொல்வதுண்டு. 1932 செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். தனித்தொகுதி கைவிடப்பட்டு, மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துக்கு 30. இந்துமதத்தை விட்டு வெளியேறுவதென அண்ணல் 1935இல் அறிவித்தபோது, நாம் அம்மதத்துக்குள் இருந்தால்தானே வெளியேற என்னும் கருத்தை அவர் தெரிவித்தார். அண்ணலிடம் மாறுபட்டுப் பேசவும் அவருக்குத் துணிவு இருந்தது. உடன் நிற்கவும் மனம் இருந்தது.

1945 செப்டம்பர் 18இல் சென்னையில் மறைந்தார். நடுவணரசு 2000இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

‘பறையன்’ இதழின் முழுத் தொகுப்பு இன்று கிடைப்பதில்லை. ஏழாண்டு வெளிவந்த இதழில் எஞ்சியவை சில பகுதிகளே. அவ்விதழைப் படித்தோர் சென்னைக்கு வெளியிலும் இருந்திருப்பர். நம் பக்கத்து முதியோர் வீடுகளின் பரணிலோ பழைய தகரப் பெட்டியிலோ ஓரிரு தாள்கள் கிடக்கவும் கூடும். வீடு இடித்துக் கட்டும்போது பழங்காகிதங்களை எடைக்குப் போடுமுன், நம் சங்கப் படிப்பகத்துக்குக் கொண்டுவந்து காட்டுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கிழிந்திருப்பினும் தாழ்வில்லை.