மேசையைச் சாய்த்து வைத்த மாணவர்



சார்லஸ் டார்வின் என்றதும் உங்களில் பலருக்குக் குரங்குதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அவர் முதன்முதலில் பேர் எடுத்தது கல்லிலும் மண்ணிலும்! பாறைகளையும் மலைகளையும் ஆராயும் நிலவியல்தான் அவரை விஞ்ஞானியாக்கியது. இத்தனைக்கும், அந்தப் பாடத்தை இனித் தொடுவதில்லை என்று ஒரு காலத்தில் முடிவு கட்டியவர் அவர். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன், கேளுங்கள்.

1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். அப்பா பேர்போன டாக்டர். மகனும் டாக்டராக வேண்டுமென்று 1825-இல், பதினாறு வயதிலேயே, ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அக்காலத்தில் மயக்க மருந்து ஏது? ஒரு குழந்தைக்கு நடந்த அறுவைச் சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல், அது முடியுமுன்பே வெளியே ஓடி வந்துவிட்டார்.

அங்கே ராபர்ட் ஜேம்சன் என்ற பேராசிரியர் நிலவியல் நடத்தினார். கற்றவர்தான். ஆனால் பாடம் டார்வினுக்கு உப்புச் சப்பில்லாமல் இருந்தது. ஒருநாள் மாணவர்கள் நகரை ஒட்டிய சாலிஸ்பரி பாறைச் சரிவில் நின்றிருந்தார்கள். சுற்றிலும் எரிமலைப் பாறைகள். அந்த இடத்திலேயே நின்றுகொண்டு, ஒரு வெடிப்பை நிரப்பியிருந்த கல்லைக் காட்டி, மேலிருந்து வண்டல் விழுந்து இறுகியது இது என்று பாடம் நடந்தது. கீழேயிருந்து உருகிய குழம்பாக ஏறி வந்தது என்று சொல்பவர்களுக்குக் கேலி வேறு! கேலி செய்யப்பட்டவர்கள் சொன்னதே சரி. போதுமடா சாமி என்று டார்வின் நிலவியலுக்கு முழுக்குப் போட்டார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் உதறத்தான் செய்கிறது.

டாக்டர் படிப்பு அதோடு சரி. பாதிரியாராகவாவது ஆகட்டும் என்று அப்பா அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். 1828-இல் அங்கே போனவர், பாடத்தைவிட வண்டு பிடிப்பதிலேயே குறியாக இருந்தார். ஆடம் செட்ஜ்விக் என்ற மிகச் சிறந்த நிலவியல் பேராசிரியர் அங்கே இருந்தும், பழைய கசப்பினால் அவர் வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோதான், 1831-இல் பட்டத் தேர்வு முடிந்த பிறகு, நிலவியல் கற்றுக்கொள்ளும்படி அவரைத் தூண்டினார். டார்வின் பாறை அடுக்குகளின் சாய்வை அளக்கும் கருவி ஒன்றை வாங்கினார். பயிற்சிக்கு மலை வேண்டாமா? படுக்கையறையில் இருந்த மேசைகளையெல்லாம் கோணல்மாணலாகச் சாய்த்து வைத்து அளந்து பழகினாராம்!

ஆகஸ்டு மாதம் செட்ஜ்விக் வடக்கு வேல்ஸ் மலைகளை ஆராயக் கிளம்பினார். டார்வினையும் உடன் கூட்டிப்போவதாக ஏற்பாடு. போகும் வழியில் அவர் வீட்டில் ஓர் இரவு தங்கினார். பக்கத்துச் சரளைக்கல் குழியில் ஒரு தொழிலாளி வெப்பநாட்டுக் கடல் சங்கு ஒன்றைக் கண்டெடுத்த சேதியை டார்வின் ஆவலோடு சொன்னார். பேராசிரியர் துள்ளிக் குதிக்கவில்லை. யாரோ வீசியெறிந்ததாக இருக்கும் என்றார். உண்மையிலேயே அது அங்கே புதைந்து கிடந்ததென்றால், அந்த வட்டாரத்து மண்ணைப் பற்றி அறிந்ததெல்லாம் தலைகீழாகிவிடும், அது நிலவியலுக்கே கேடு என்றும் சொன்னார். டார்வினுக்கு ஆச்சரியம்! அதிசயப் பொருள் ஒன்று கிடைத்தால் போதாது, பல உண்மைகளைச் சேர்த்துப் பார்த்துப் பொதுவிதி காண்பதே விஞ்ஞானம் என்பது அப்போதுதான் அவருக்கு நன்றாக உறைத்தது.

மலைக்குப் போனதும் செட்ஜ்விக் ஒரு காரியம் செய்தார். தாம் நடக்கும் பாதைக்கு இணையாக வேறொரு பாதையில் டார்வினைத் தனியே அனுப்பி, கற்களைச் சேகரித்து, பாறை அடுக்குகளை வரைபடத்தில் குறித்து வரச் சொன்னார். ஒன்றும் தெரியாத பையனால் அவருக்கு என்ன உதவி? பையன் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான். இட்வால் என்ற ஏரிப் பள்ளத்தாக்கில் இருவரும் புதைபடிவங்களைத் தேடிப் பல மணி நேரம் பாறைகளைத் துருவினார்கள்.

வீடு திரும்பியபோது ஹென்ஸ்லோவின் கடிதம் காத்திருந்தது. பீகிள் என்ற கப்பலில் உலகைச் சுற்ற வருகிறாயா என்ற சேதி! அப்பா வேண்டாமென்றார், மாமா பேசிச் சம்மதிக்க வைத்தார். 1831 டிசம்பர் 27-இல் புறப்பட்ட கப்பல் 1836 அக்டோபரில்தான் திரும்பியது. கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் பரிசளித்த சார்லஸ் லையலின் நிலவியல் நூல்தான் அவருக்கு வழித்துணை. 1835 பிப்ரவரி 20-இல் சிலி நாட்டில் காட்டுத் தரையில் படுத்திருந்தபோது பூமி குலுங்கியது. கன்செப்சியோன் நகரம் தரைமட்டம்! கடற்கரை பல அடி உயர்ந்துவிட்டிருந்ததை அவர்கள் கண்டார்கள். அடுத்த மாதம் ஆண்டிஸ் மலையில் ஏறியவர், ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் கடல் சிப்பிகள் கல்லாகிக் கிடப்பதைப் பார்த்தார். சிறுகச் சிறுக உயர்ந்தே மலை உண்டாகிறது என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

நிலம் உயருமென்றால் தாழவும் வேண்டுமல்லவா? எரிமலைத் தீவு மெல்ல மூழ்க, அதைச் சுற்றிப் பவளம் மேலே வளர்ந்துகொண்டே போவதால்தான் வளையத் தீவுகள் உண்டாகின்றன என்று கணக்குப் போட்டார். பவளத் தீவை நேரில் பார்க்குமுன்பே போட்ட கணக்கு! பிறகு 1836 ஏப்ரலில், சுமத்திராவுக்குத் தெற்கே உள்ள கொக்கோஸ் தீவுகளில் இறங்கி ஆராய்ந்தார். 1952-இல் பசிபிக்கின் எனிவெட்டோக் தீவில் 1,200 மீட்டருக்கும் கீழே துளைத்தபோது எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அவர் கணக்குத் தப்பவில்லை.

அந்தப் பயணத்தில் உயிரினங்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 368 பக்கம். நிலவியல் குறிப்புகளோ 1,383 பக்கம்! 1859-இல் வெளிவந்த பரிணாம நூலுக்கு வேண்டிய நீண்ட நெடுங்காலத்தை அவருக்குக் கொடுத்ததும் இந்தக் கற்கள்தாம். அந்த நூலின் கதையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். 1882-இல் அவர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஆனால் இட்வால் பள்ளத்தாக்கை மறந்துவிடாதீர்கள். 1840-இல் அகாசி என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் பிரிட்டனுக்கு வந்து, அந்நாட்டு மலைகளை ஒரு காலத்தில் பனியாறுகள் மூடியிருந்தன என்று சொன்னார். 1842-இல் டார்வின், உடம்பு சரியில்லாத நிலையிலும், மறுபடி அங்கே போனார். கீறல் விழுந்த பாறைகள், ஏறி உட்கார்ந்தாற்போன்ற குண்டுக் கற்கள், பனியாறு தள்ளிக் குவித்த மேடுகள் எல்லாம் கண்ணுக்கு முன்னே கிடந்தன. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவரும் செட்ஜ்விக்கும் புதைபடிவம் தேடி நடந்தது அவற்றின் நடுவேதான். அன்று இருவர் கண்ணிலும் அவை படவில்லை. இந்தத் தடவை ஒவ்வொன்றாக நின்று பார்த்து எழுதிக்கொண்டார். அதன்பின் மலை ஏறும் தெம்பு அவருக்கு வரவேயில்லை.