கணக்குக் கேட்ட கோகலே

தாதர் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்குகிறவர்களுக்குக் கோகலே சாலை தெரியும். தாணாவிலும் அந்தப் பெயரில் ஒரு சாலை உண்டு. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், காந்திஜியின் குரு என்ற பதில்தான் வரும். அது சரிதான். ஆனால் அவர் ஆயுளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலை வேறு. ஏழையிடமிருந்து சர்க்கார் எவ்வளவு வரி வாங்குகிறது, அதில் எவ்வளவு அவன் பிள்ளையின் படிப்புக்குத் திரும்பி வருகிறது என்று சட்டசபையில் கணக்குக் கேட்ட வேலை அது.

கோபால கிருஷ்ண கோகலே 1866 மே 9ந் தேதி ரத்தினகிரி மாவட்டம் கோட்லுக் கிராமத்தில் பிறந்தார். 1879ல் தகப்பனார் காலமானபோது அவருக்கு வயது 13. அண்ணன் கோவிந்தராவ் தம் படிப்பை நிறுத்திவிட்டு, கோல்ஹாப்பூருக்குப் பக்கத்தில் காகல் என்ற ஊரில் மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலையில் சேர்ந்தார். அதில் 8 ரூபாய் தம்பியின் படிப்புக்குப் போகும். மீதி 7 ரூபாயில் குடும்பம் நடக்க வேண்டும். ஊருக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு மிச்சத்தில் மாதத்தை ஓட்டிய நம்மவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. தம்பியும் வீண் செலவு செய்யவில்லை. எண்ணெய்ச் செலவு மிச்சம் என்று தெருவிளக்கில் படித்ததாகச் சொல்வார்கள். 1884ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேறினார். அப்போது வயது 18.

பி.ஏ. படித்தவருக்குச் சர்க்கார் உத்தியோகம் காத்திருந்த காலம். அவரோ புனாவில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு பர்குசன் கல்லூரியில் பேராசிரியரானார். தக்காண கல்விச் சங்கத்துக்குக் குறைந்த சம்பளத்தில் 20 ஆண்டு உழைப்பதென்று வாக்குக் கொடுத்திருந்தார். அவர் எழுதிய கணிதப் பாடப்புத்தகம் பல பள்ளிக்கூடங்களில் நடந்தது. மகாதேவ கோவிந்த ரானடேயிடம் சர்க்கார் அறிக்கைகளைப் படிக்கவும், புள்ளிவிவரங்களைச் சலிக்கவும் பழகினார். ரானடே லேசில் திருப்தி அடைகிறவர் அல்ல. ஒரு எண் தவறினாலும் திரும்பச் செய்யச் சொல்வார்.

1899ல் கோகலே பம்பாய் மாகாணச் சட்டசபை உறுப்பினர் ஆனார். அது இன்றைய சட்டசபை மாதிரி அல்ல. சர்க்கார் பக்கத்துக்கே எப்போதும் பெரும்பான்மை. பஞ்சத்தில் அடிபட்ட குடியானவன் நிலவரி கட்ட முடியாமல் நிலத்தை இழந்தால், அதை மறுபடி அவனுக்குக் கொடுக்கும்போது விற்கவோ அடகு வைக்கவோ உரிமை கிடையாது என்று 1901ல் ஒரு மசோதா வந்தது. கோகலேயும் பிரோஸ்ஷா மேத்தாவும் ஒத்திவைக்கும்படி கேட்டார்கள். சர்க்கார் இணங்கவில்லை. மேத்தா எழுந்து வெளியே போனார், கோகலேயும் கூடப் போனார். சாந்தமானவர் என்று பெயர் எடுத்தவர் செய்த காரியம் அது.

அடுத்த ஆண்டு மேத்தா விட்டுப்போன இடத்தில் அவர் வைசிராயின் சட்டசபைக்குப் போனார். 1902 மார்ச் 26ந் தேதி முதல் பட்ஜெட் பேச்சு. அந்த வருஷம் ஏழு கோடி ரூபாய் உபரி. நிதி மெம்பரைச் சபையில் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். கோகலே மட்டும் பாராட்டவில்லை. பஞ்சத்தாலும் பிளேக்காலும் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும் நாட்டில் கஜானாவில் பணம் மிஞ்சுகிறது என்றால், வேண்டிய அளவுக்கு மேல் வரி வாங்கியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம் என்பது அவர் வாதம். அந்த உபரியைக் கொண்டு வரியைக் குறைக்கலாம், பள்ளிக்கூடம் வைக்கலாம் என்றார்.

அப்போது உப்பு வரி மணங்குக்கு இரண்டரை ரூபாய். மணங்கு என்றால் ஏறக்குறைய 37 கிலோ. கூலிக்காரனும் ஜமீன்தாரும் ஒரே அளவு உப்புதான் தின்கிறார்கள். ஆகவே வரியின் பாரம் கூலிக்காரன் தலையில்தான் அதிகம். 1903ல் அது 2 ரூபாயாகக் குறைந்தது. 1905ல் ஒன்றரை ரூபாய், 1907ல் ஒரு ரூபாய். அதே 1903ல் வருமான வரிக்கு விலக்கு வரம்பு ஆண்டுக்கு 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. சிறிய குமாஸ்தாக்கள் தப்பினார்கள். எல்லாம் கோகலே பேசியதால் வந்தது என்று சர்க்கார் ஒப்புக்கொள்ளாது. பட்ஜெட்டின்மேல் வோட்டுப் போடக்கூட உறுப்பினர்களுக்கு உரிமை இல்லாத சபை அது. ஆனாலும் அவர் பேசுகிற நாளில் நிதி இலாகாக்காரர்கள் காகிதங்களை ஒழுங்காக வைத்துக்கொண்டு வருவார்கள்.

அவருடைய பெரிய முயற்சி 1911 மார்ச் 16ந் தேதி கொண்டுவந்த ஆரம்பக் கல்வி மசோதா. அந்த வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் மசோதாவில் அவர் கேட்டது கொஞ்சம்தான். முனிசிபாலிடியோ ஜில்லா போர்டோ விரும்பினால், சர்க்கார் அனுமதியோடு, 6 முதல் 10 வயது வரையுள்ள பையன்களுக்குப் படிப்பைக் கட்டாயம் ஆக்கலாம். மாதம் பத்து ரூபாய்க்குக் குறைந்த வருமானக்காரனின் பிள்ளைக்குச் சம்பளம் கிடையாது. செலவில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருடையது. பெண் குழந்தைகளை உடனே சேர்க்கவில்லை. அது ஒரு குறைதான். பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் தம் சமஸ்தானம் முழுவதும் கட்டாயக் கல்வி கொண்டுவந்திருந்தார். ஒரு சமஸ்தானத்தால் முடிந்தது பிரிட்டிஷ் சர்க்காரால் ஏன் முடியாது என்று கேட்டார்.

இங்கே ஒரு சங்கடம். உள்ளூர்ப் பங்குக்குப் பணம் வேண்டும். அதற்காகத் தனிக் கல்வி வரி போட்டுக்கொள்ளலாம் என்று மசோதாவிலேயே எழுதினார். பத்து வருஷமாக வரியைக் குறை என்று சொன்னவர், தாமே ஒரு வரிக்கு வழி சொல்கிறாரே என்ற கேள்வி எழாமல் இருக்குமா? கோகலே மழுப்பவில்லை. பட்டாளச் செலவுக்கும் பெரிய உத்தியோகச் சம்பளத்துக்கும் போகிற வரி வேறு. கொடுத்தவன் தெருவிலேயே பள்ளிக்கூடமாக நிற்கிற வரி வேறு. என் வரையில் இந்த இடத்தில்தான் அவர் நெஞ்சுரம் தெரிகிறது. புது வரி என்று சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

மாகாண சர்க்கார்கள் கூடாது என்றன. ஜனங்களே கேட்கவில்லை என்றது இந்திய சர்க்கார். கூலிக்காரன் மகன் படித்தால் வயலுக்கு யார் வருவார்கள் என்ற பயம் நிலச்சுவான்தார்களில் சிலருக்கு. ஜின்னாவும் மாளவியாவும் ஆதரித்தார்கள். 1912 மார்ச் 19ந் தேதி வோட்டெடுப்பில் மசோதாவுக்கு 13, எதிர்த்து 38. தோற்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். அதைச் சபையிலேயே சொல்லிவிட்டுத்தான் வோட்டுக்கு விட்டார்.

நம் ஜனங்களுக்கு அவரிடம் இன்னொரு கடன் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள், தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குச் சம்பளம் தொடக்கத்தில் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி. அதாவது ஆறு மாதக் கூலி. கோகலே 1910ல் நேட்டாலுக்கு ஆள் பிடிப்பதை நிறுத்தத் தீர்மானம் கொண்டுவந்தார். அதைச் சர்க்கார் ஏற்றது, 1911ல் ஆள் பிடிப்பது நின்றது. 1912 அக்டோபரில் நீரிழிவு நோயோடு கப்பலேறிப்போய், அந்நாட்டு மந்திரிகளிடம் தலைவரியை எடுக்கச் சொன்னார். எடுப்பார்கள் என்று நம்பித் திரும்பினார். எடுக்கவில்லை. 1913ல் காந்திஜியின் போராட்டத்தில் தமிழ்ப் பெண்களும் சுரங்கத் தொழிலாளிகளும் சிறை சென்றார்கள். இங்கே கோகலே அவர்களுக்காக ஊர் ஊராக நிதி திரட்டினார். 1914ல் வரி ஒழிந்தது.

1915 பிப்ரவரி 19ந் தேதி புனாவில் காலமானார். வயது 48தான். அவர் 1905ல் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமை வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாருக்கு வந்தது. அவரும் திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர்.

1918ல் விட்டல்பாய் படேல் முயற்சியால், முனிசிபாலிடிகள் கட்டாயக் கல்வி கொண்டுவர இடம்கொடுக்கும் சட்டம் பம்பாய் மாகாணத்தில் நிறைவேறியது. சென்னை மாகாணத்தில் 1920ல் ஒரு சட்டம் வந்தது. 6 முதல் 14 வயது வரை, பையன் பெண் இருவருக்கும், நாட்டுக்கே பொதுவான சட்டம் 2010 ஏப்ரல் 1ந் தேதி அமலுக்கு வந்தது. அதிலும் செலவை மத்திய சர்க்கார் எவ்வளவு கொடுப்பது, மாநிலம் எவ்வளவு கொடுப்பது என்ற வழக்கு இருந்தது.